பட்டனைத் தட்டினால் மட்டும் ஓடும் லேப்டாப்: பழைய லினக்ஸ் லேப்டாப்பின் பவர் கோளாறைக் கண்டுபிடிக்கும் முழு வழி

வீரவநல்லூரில் என் மதினி மாடியறையில் டியூஷன் எடுக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது 2008 வாக்கில் வந்த ஏஎம்டி ப்ராசஸர் லேப்டாப். அண்ணன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் அதில் திணற ஆரம்பித்த பிறகு நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். போன சித்திரையில் ஒருநாள் மதினி போன் பண்ணினார்கள்.

"தம்பி, இந்தப் பெட்டி கீபோர்டுப் பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தாத்தான் ஓடுது. கைய எடுத்தா அப்படியே நின்னுருது. மறுபடியும் தட்டுனா கொஞ்சம் போகுது."

நான் பாளையங்கோட்டையிலிருந்து போவதற்குள் பிள்ளைகளுக்குத் தேர்வு வந்துவிட்டது. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் கெர்னல் வரியில் (லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்குப் பூட் ஆகும்போது கொடுக்கும் கட்டளை வரி) ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: ஏசிபிஐ=ஆஃப். லேப்டாப் உடனே ஓடியது. ஒரு வாரத்தில் மறுபடியும் போன். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம் காணோம். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுடுகிறது. ஷட்டவுன் கொடுத்தால் திரை இருட்டாகிறது, ஆனால் விளக்கு அணைவதில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து இரவு மூடி வைத்தால் காலையில் பேட்டரி காலி.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிற எல்லாருக்கும் இந்த இடம் ஒருநாள் வரும். ஏசிபிஐ=ஆஃப் நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை; மருந்து கிடையாது. எந்தச் சின்ன மாற்றம் போதுமோ அதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் வைக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுதும், ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். நோட்டு கட்டாயம்.

எழுத்து பற்றி

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு, புள்ளி, சமக்குறி ஆகியவற்றை எழுதியபடியே போட வேண்டும். சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. இன்னொன்று: ஏசிபிஐ வேறு, ஏபிஐசி வேறு. முன்னது பவர் நிர்வாகத்துக்கான ஏற்பாடு. பின்னது ப்ராசஸருக்கு வரும் குறுக்கீட்டுச் செய்திகளை (சாதனங்கள் 'என்னைக் கவனி' என்று ப்ராசஸரைக் கூப்பிடுவது) பிரித்துக் கொடுக்கும் சில்லு. சியும் பியும் இடம் மாறினால் நீங்கள் அடித்ததைக் கெர்னல் கண்டுகொள்ளாது. 'மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை' என்று சொன்ன பலரிடம் நான் கண்ட தவறு இதுதான்.

லினக்ஸைத் தொடுமுன் கரண்டைப் பாருங்கள்

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். அடுத்து பேட்டரியை மட்டும் வைத்துச் சார்ஜர் இல்லாமல். இரண்டில் எதில் பூட் ஆகிறது, எதில் நிற்கிறது என்பதை நோட்டில் எழுதுங்கள். பேட்டரி இல்லாமல் நன்றாக ஓடினால் பேட்டரிதான் சந்தேகம், மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. சார்ஜர் செருகினால் மட்டும் நிற்கிறது என்றால் சந்தேகம் சார்ஜர்மீதும் ஏசிபிஐமீதும் விழும்.

சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பழைய லேப்டாப்களில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட் என்பது சாதாரணம். லேப்டாப் 90 வாட் கேட்க, கையில் இருப்பது 45 வாட் சார்ஜராக இருந்தால், பூட் ஆகும் நேரத்தில் ப்ராசஸரும் டிஸ்க்கும் ஃபேனும் ஒன்றாக எழும்போது அது கை கொடுக்காது. நம் ஊர்ப்பக்கம் எல்லாரும் லோ வோல்டேஜைக் குறை சொல்வார்கள். லேப்டாப் சார்ஜரில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். ஆகவே சாயங்கால லோ வோல்டேஜை அது தாங்கும். கெடுப்பது, கரண்டு போய்த் திரும்பும்போது வருகிற திடீர் ஏற்றமும், ஐப்பசி கார்த்திகை இடிமின்னலும், ஆடிப்போன பிளக் பாயின்ட்டும்தான்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? உள்ளே இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பல லேப்டாப்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி. சிலவற்றில் ஒயர் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அது தீர்ந்தால் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) அமைப்புகளும் அழிந்து தொடக்கநிலைக்குப் போகும். கடிகாரம் பின்னோக்கிப் போவதால், கடைசியாக டிஸ்க்கைத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று டிஸ்க் சோதனையும் தகராறு செய்யும். அதை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

ஃபேன் வழியில் படிந்திருக்கும் தூசியையும் ஊதி எடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும் நாள்களில் தூசி அடைத்த லேப்டாப் தானாக அணைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

திரையில் வருவதைப் படியுங்கள்

ஆன் செய்தவுடன் கிரப் மெனுவை, அதாவது எந்த சிஸ்டத்தைத் தொடங்குவது என்று கேட்கும் திரையை, வரவழைக்க வேண்டும். பழைய பயாஸ் லேப்டாப்பில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வகையில் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். மெனு வந்ததும் முதல் வரியில் நின்று ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தான 'இ'-யை அழுத்தினால் சில வரிகள் விரியும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரிதான் நமக்கு வேண்டியது. அதன் கடைசியில் 'குவைட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு, கன்ட்ரோலுடன் எக்ஸ், இல்லையென்றால் எஃப்10 அழுத்துங்கள்.

இங்கே செய்யும் எந்த மாற்றமும் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். அடுத்த முறை ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும். ஆகவே பயப்படாமல் மாற்றிப் பாருங்கள்.

இப்போது லோகோவுக்குப் பதிலாக வரிவரியாக எழுத்து ஓடும். எங்கே நிற்கிறதோ அந்தத் திரையைச் செல்போனில் படம் எடுங்கள். பூட் ஆன பிறகு டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் -பி -1 என்று அடித்தால் முந்தைய பூட்டின் பதிவைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் லேப்டாப் இறுகி நின்றுவிட்டால் கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிகள்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஏசிபிஐ பயாஸ் எரர்' என்று வரும் வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். நல்லபடியாக ஓடும் லேப்டாப்களிலும் அது வரும். பயாஸ் ஏதோ ஒரு பெயரைக் குறிப்பிட்டு, அந்தப் பெயர் எங்கும் இல்லை என்று கெர்னல் சொல்கிறது, அவ்வளவுதான். பூட் எந்த வரியில் நிற்கிறது என்பதையே பாருங்கள். சிவப்பாக வந்தது எது என்பது முக்கியமில்லை.

ஏசிபிஐ ஏன் தகராறு செய்கிறது

1992-ல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் ஏபிஎம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதில் பவர் விஷயத்தைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொள்ளும். 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐயின் முதல் பதிப்பு வந்தது. இதில் முடிவெடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். லேப்டாப் செய்தவர்கள் தங்கள் போர்டில் பேட்டரி எங்கே, மூடி சென்சார் எங்கே, ஃபேனை எப்படிச் சுழற்றுவது என்பதையெல்லாம் டிஎஸ்டிடி என்ற அட்டவணையில் சின்ன நிரலாக எழுதி வைத்திருப்பார்கள். பூட் ஆகும்போது கெர்னல் அதை வாசித்து, அதன்படி நடக்கும்.

அந்த நிரல் பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் சோதிக்கப்பட்டது. 'நீ எந்த சிஸ்டம்' என்று அது கேட்கும். வருகிற பதிலைப் பொறுத்து வேறு வேறு பாதையில் போகும். பழைய பயாஸ்கள் பல, லினக்ஸ் என்ற பதிலுக்குச் சோதிக்காத பாதையில் போய் விழுந்தன. அதனால்தான் இன்றைய கெர்னல், லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்றும், விண்டோஸா என்று கேட்டால் ஆம் என்றும் பதில் சொல்கிறது. இது தெரிந்தால் கீழே வரும் கடைசிச் சோதனை புரியும்.

ஒவ்வொரு மாற்றமாக, ஒரு தடவைக்கு ஒன்று

எல்லாம் அந்த 'லினக்ஸ்' வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டியவை. ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், அணையுங்கள், அடுத்ததைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு லேப்டாப் ஓடிவிட்டால், எது வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கெர்னல் மாறும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஏசிபிஐ=ஆஃப். இதிலும் பூட் ஆகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பவர் நிர்வாகத்தில் இல்லை. டிஸ்க், ரேம், கிராஃபிக்ஸ் பக்கம் போங்கள். பூட் ஆனால் சரியான இடத்தில்தான் தேடுகிறீர்கள். உடனே அதை எடுத்துவிடுங்கள். இதோடு ஓடவிட்டால் பேட்டரி அளவு, மூடியை மூடினால் தூங்குவது, தானாக அணைவது எல்லாம் போகும். பல லேப்டாப்களில் ப்ராசஸரின் ஒரு கோர் மட்டுமே வேலை செய்யும். என்ப்ராக் என்று அடித்தால் எத்தனை கோர் என்று தெரியும். மதினி வீட்டில் 'ஸ்லோவா இருக்கு' என்று சொன்னதற்கும் சூட்டுக்கும் விளக்கம் இங்கேதான் இருந்தது.

அடுத்தது ஏசிபிஐ=நோஐஆர்க்யூ. ஏசிபிஐயில் மற்றதெல்லாம் இருக்கும். குறுக்கீட்டு எண்களை ஒதுக்குவதற்கு மட்டும் அதைக் கேட்காது. பிசிஐ=நோஏசிபிஐ இன்னும் கொஞ்சம் கூடுதலாக, பிசிஐ சாதனங்களை (போர்டின் பிசிஐ பாதையில் இணைந்தவை) தேடுவதற்கும் ஏசிபிஐயை விட்டுவிடும். வைஃபை, யூஎஸ்பி சாதனங்களைத் தேடும் வரியில் பூட் நின்றால் இவை இரண்டும் பலன் தரும்.

பிறகு நோஏபிஐசி. இது குறுக்கீட்டுச் சில்லையே விட்டுவிட்டுப் பழைய முறைக்குப் போகும். கடைசிப் பக்கம் வைத்திருங்கள். ஓடினாலும் சாதனங்கள் ஒரே குறுக்கீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு மந்தமாகலாம்.

சார்ஜர் செருகும்போதோ, மூடியைத் திறக்கும்போதோ, பேட்டரியை வாசிக்கும் இடத்திலோ நின்றால் ஏசிபிஐ_ஓஎஸ்ஐ பாருங்கள். இதை இரண்டு துண்டாகப் போட வேண்டும். முதலில் ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=! என்று ஆச்சரியக்குறியோடு போட்டு, கெர்னல் ஒப்புக்கொள்ளும் விண்டோஸ் பெயர்களை எல்லாம் அழிக்க வேண்டும். பிறகு ஏசிபிஐ_ஓஎஸ்ஐ="விண்டோஸ் 2009" என்று ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்; டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, மேற்கோள் குறியோடு. 2009 என்றால் விண்டோஸ் 7, 2006 என்றால் விஸ்டா, 2012 என்றால் விண்டோஸ் 8. லேப்டாப் விற்கப்பட்ட காலத்து விண்டோஸ் எதுவோ அதைக் கொடுங்கள். முதல் துண்டு இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்டால் எதுவும் மாறாது, ஏனென்றால் கெர்னல் ஏற்கனவே அந்தப் பெயருக்கு ஆம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கீயைத் தட்டினால் நகரும் கோளாறு

மதினி சொன்னதுதான் சரியான துப்பு. கடையில் அதைக் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸர் தூங்கும். அந்தத் தூக்கத்துக்குப் படிகள் உண்டு. சி0 என்றால் விழிப்பு, சி1 லேசான கண்ணயர்வு, சி2, சி3 என்று ஆழம் கூடும். குறித்த நேரத்தில் எழுப்பிவிடுவதற்கு ப்ராசஸருக்குள்ளேயே ஒரு டைமர் இருக்கிறது. பழைய ப்ராசஸர்கள் பலவற்றில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது அந்த டைமரும் சேர்ந்து நின்றுவிடும். எழுப்ப வேண்டியவரே தூங்கிப்போனால் யார் எழுப்புவது? கீயைத் தட்டினால் ஒரு குறுக்கீடு போகிறது, ப்ராசஸர் விழிக்கிறது, இரண்டு வரி ஓடுகிறது, மறுபடியும் தூங்குகிறது. டச்பேடைத் தடவினாலும் இதே கதைதான். இப்படி நின்றுபோகும் டைமருக்குக் கெர்னல் மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆனால் டைமர் எந்தப் படியில் நிற்கும் என்பதைப் பயாஸ் தப்பாகச் சொன்னால் அந்த ஏற்பாடு தொடங்குவதே இல்லை.

இதற்கு இரண்டு வழி. நோஎல்ஏபிஐசி_டைமர் என்று போட்டால் அந்த டைமரை விட்டுவிட்டுப் போர்டில் உள்ள வேறு கடிகாரத்தைக் கெர்னல் பிடிக்கும். தூக்கம் எல்லாப் படியிலும் இருக்கும், பேட்டரிக்கு நல்லது. அதில் சரியாகவில்லை என்றால் ப்ராசஸர்.மேக்ஸ்_சிஸ்டேட்=1. ஆழ்ந்த தூக்கமே வேண்டாம், கண்ணயர்வோடு நிறுத்து என்று அர்த்தம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், சூடும் சற்றுக் கூடும். ஏசிபிஐ=ஆஃப் செய்யும் சேதத்தோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை.

2010-க்குப் பிந்தைய இன்டெல் ப்ராசஸர்களில் தூக்கத்தைக் கவனிப்பது வேறு டிரைவர். அங்கே இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 என்று போட வேண்டும். பே டிரெயில் வகை, அதாவது செலரான் என்2840, பென்டியம் என்3540 போன்றவை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பூட் ஆகிச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ திரை அப்படியே உறைந்துபோகும் கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்த ஒரு வரியில் அது அடங்கும்.

இதே அறிகுறியோடு வரும் இன்னொரு கோளாறும் உண்டு. கீயைத் தட்டினால் நகர்கிறது, ஆனால் நிற்பது எப்போதும் ஒரே இடத்தில், லாகின் திரைக்குச் சற்று முன்பு. கெர்னல் 4.17 முதல் 5.3 வரை இருந்தால் அது தூக்கக் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். தற்செயல் எண்கள் உருவாக்கப் போதிய சலனம் இல்லாமல் சிஸ்டம் காத்திருக்கும். கீ தட்டுவது அந்தச் சலனத்தைக் கொடுக்கும். டிஎம்இஎஸ்ஜி என்று அடித்தால் வரும் கெர்னல் பதிவில் 'சிஆர்என்ஜி இனிட் டன்' என்ற வரி எத்தனையாவது நொடியில் வந்திருக்கிறது என்று பாருங்கள். அது அறுபது, எழுபது நொடி தாண்டி இருந்தால் காரணம் அதுவே. 5.4 முதல் கெர்னலே அதைச் சரிசெய்துகொள்கிறது. கெர்னலைப் புதுப்பித்தால் போதும்.

பவர் கோளாறு போலத் தெரியும் மற்றவை

கிரப் மெனு வருகிறது, பிறகு கும்மிருட்டு, ஆனால் டிஸ்க் விளக்கு மின்னுகிறது என்றால் கிராஃபிக்ஸ். நோமோட்செட் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பூட்டிலும் முப்பது நொடி சும்மா நின்று, 'ரெஸ்யூம் டிவைஸுக்காகக் காத்திருந்து கைவிட்டேன்' என்ற பொருளில் ஒரு வரி வருகிறதா? டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்தபோது ஸ்வாப் பகுதியின் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) அடையாள எண் மாறிவிட்டது. கெர்னல் பழைய எண்ணைத் தேடுகிறது. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் என்ற கோப்பில் புதிய எண்ணை எழுதி, சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுத்தால் தீரும். எண் என்ன என்று பிஎல்கேஐடி சொல்லும்.

'ஐ/ஓ எரர்' என்று டிஸ்க்கின் பெயரோடு வரிகள் வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுங்கள்.

நிலையாக எழுதி வைப்பது

பலன் தந்த மாற்றத்தை மூன்று முறை சோதித்த பிறகே நிலையாக்குங்கள்: முழுக்க அணைத்துச் சார்ஜரோடு ஒருமுறை, சார்ஜர் இல்லாமல் ஒருமுறை, ரீஸ்டார்ட் கொடுத்து ஒருமுறை. சூடாகி இருக்கும் லேப்டாப் நடந்துகொள்வதும், காலையில் குளிர்ந்து கிடப்பது நடந்துகொள்வதும் ஒன்றில்லை. முடிந்தால் மறுநாள் காலையிலும் பாருங்கள்.

பிறகு சுடோ நானோ /இடிசி/டிஃபால்ட்/கிரப் என்று திறங்கள். அதற்கு முன் அந்தக் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்ற வரியில் (இது முழுக்கப் பெரிய எழுத்து) மேற்கோளுக்குள் உங்கள் சொல்லைச் சேர்த்துச் சேமியுங்கள். விண்டோஸ் பெயரைச் சேர்ப்பவர்கள் வெளி மேற்கோளை ஒற்றைக்குறியாக மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இரட்டைக்குறியோடு மோதும். கடைசியாகச் சுடோ அப்டேட்-கிரப். இதை மறந்தால் கோப்பு மாறியிருக்கும், பூட் மாறியிருக்காது. ரீஸ்டார்ட் ஆனதும் கேட் /ப்ராக்/சிஎம்டிலைன் என்று அடித்து, நீங்கள் எழுதியது எழுதியபடியே போய்ச் சேர்ந்ததா என்று சரிபாருங்கள்.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் நம் பக்கத்து வீடுகளில் நிறைய இருக்கின்றன. அவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தால், அதுவும் டெபியன் வழி வந்ததுதான். இதே கட்டளைகள் செல்லும். புதிதாக ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 32 பிட் மட்டும் தெரிந்த ப்ராசஸருக்கு டெபியன் 12 வரைதான் இன்ஸ்டாலர் உண்டு, 13-ல் கிடையாது.

பூட் ஆனபின்

யூபவர் -டி என்று அடித்துப் பேட்டரியின் 'கெபாசிட்டி' வரியைப் பாருங்கள். புதிதில் எவ்வளவு பிடித்ததோ அதில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று அது சொல்லும். முப்பதுக்குக் கீழே போயிருந்தால் கெர்னலைக் குறை சொல்லாமல் பேட்டரிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே ஃபேன் இரைகிறதா? டாப் கட்டளையில் கேவொர்க்கர் என்ற பெயர் எப்போதும் மேலே நிற்கிறதா? ஏதோ ஒரு ஏசிபிஐ நிகழ்வு ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் என்ற இடத்தில் ஜிபிஇ என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும்; பெயரில் இருப்பது நிகழ்வின் எண், உள்ளே இருப்பது அது எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. மற்றதெல்லாம் நூறுக்குள் இருக்க ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் அதுதான். கெர்னல் வரியில் ஏசிபிஐ_மாஸ்க்_ஜிபிஇ=0எக்ஸ் என்று போட்டு, கோப்பின் பெயரில் உள்ள எண்ணைச் சேர்த்தால் அடங்கும். அடக்கியபின் மூடி, பிரைட்னஸ் கீ, சார்ஜர் செருகுவது எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிலநேரம் அவையும் அதே எண்ணில்தான் வரும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் தொங்குகிறது என்றால் ரீபூட்=பிசிஐ, அதிலும் ஆகாவிட்டால் ரீபூட்=பயாஸ் பாருங்கள்.

மதினி லேப்டாப்பில் ஏசிபிஐ=ஆஃப் எடுத்தேன். நோஎல்ஏபிஐசி_டைமர் மட்டும் போட்டேன். பேட்டரிப் படம் திரும்பி வந்தது, ஷட்டவுன் கொடுத்தால் விளக்கும் அணைகிறது. யூபவர் 41 சதவீதம் என்று காட்டியது. கரண்டு போனால் ஒரு வகுப்பு முடியும்வரை தாங்குகிறது. அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, லேப்டாப்பின் அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்து யார் அதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படும்.